யார் செய்த தவறு? இடைமுக வடிவமைப்பின் ஒரு சிறு வரலாறு

தீபாவளி விடுமுறைக்குச் சுங்கைப்பட்டாணிக்குப் போயிருந்தபோது அம்மா கைப்பேசியை நீட்டினார். "தம்பி, இத கொஞ்சம் பாரு. மூனு நாளா அடிக்கிறேன், செவப்பு எழுத்துல திட்டுது."

மருத்துவப் பரிசோதனைக்கு முன்பதிவு செய்யும் இணையப் படிவம் அது. அம்மா முதல் கட்டத்தைத் தாண்டவே இல்லை. அடையாள அட்டையில் உள்ளபடி பெயரை எழுதச் சொல்லியிருந்தார்கள். அவரும் அப்படித்தான் எழுதியிருந்தார்: தன் பெயர், அடுத்து ஏ, ஒரு சாய்கோடு, பி, அதன்பின் தாத்தாவின் பெயர். கீழே சிவப்பில் 'பெயர் செல்லாது' என்று வந்திருந்தது.

சாய்கோட்டை மட்டும் அழித்தேன். படிவம் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. மூன்று விநாடிகூட ஆகியிருக்காது.

"பாத்தியா, படிச்சவன் கை பட்டாத்தான் கேக்குது. எனக்கு அறிவு பத்தலப்பா" என்றார் அம்மா.

மின்னணுத் தொழிற்சாலையில் 22 ஆண்டுகள் வேலை செய்தவர் அவர். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, முடியளவு தடிமன்கூட இல்லாத கம்பி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. அவருக்கு அறிவு பத்தவில்லையாம். அப்போது சிரித்துக்கொண்டே கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கோலாலம்பூர் திரும்பும் இரவுப் பேருந்தில்தான் அது உறைத்தது. படித்து முடித்துச் சேர்ந்த முதல் வேலையில் நானே ஒரு பதிவுப் படிவம் செய்திருக்கிறேன். பெயர்க் கட்டத்தில் எழுத்துகளையும் இடைவெளியையும் தவிர வேறு எதையும் ஏற்காதே என்ற கட்டளை வரியை எழுதியவன் நான். அம்மாவைத் திட்டிய படிவம் நான் எழுதியதில்லை. ஆனால் அதே வரியை எழுதிய கை என்னுடையது.

ஒரு மனிதர் இயந்திரத்தின் முன் தடுமாறினால் அது யார் செய்த தவறு? இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பேருந்தில் தொடங்கிய தேடலில் பிறகு தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இரண்டு பிடிகள்

1933இல் சிகாகோ நகரில் உலகக் கண்காட்சி ஒன்று நடந்தது. அதன் வழிகாட்டி நூலில் ஒரு முழக்கம் இருந்தது. அறிவியல் கண்டுபிடிக்கும், தொழில்துறை அதைப் பயன்படுத்தும், மனிதன் அதற்கேற்ப வளைந்து கொடுப்பான் என்பது அதன் சாரம். இன்று படித்தால் மிரட்டல் போலத் தெரிகிறது. அன்று அதைப் பெருமையாகத்தான் சொன்னார்கள். இயந்திரம் முதலில் வரும், அதற்குத் தகுந்த ஆளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்துவிட்டால் போதும் என்பதுதான் அன்றைய பொது எண்ணம்.

இரண்டாம் உலகப் போர் இந்த எண்ணத்தைச் சோதித்தது. அமெரிக்க வான்படையின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் சிலவற்றில் விசித்திரமான விபத்து திரும்பத் திரும்ப நடந்தது. விமானம் பத்திரமாகத் தரையிறங்கி ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் விமானி சக்கரங்களை உள்ளே இழுத்துவிடுவார். விமானம் வயிற்றால் தரையில் சறுக்கும். எதிரி சுடவில்லை, இயந்திரமும் பழுதில்லை. அறிக்கையில் 'விமானியின் தவறு' என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள்.

ஒஹாயோ மாநிலத்தின் ரைட் ஃபீல்டு தளத்தில் அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற இளம் உளவியலாளர் இருந்தார். அவர் விமானிகளின் மூளையை ஆராயப் போகவில்லை, விமானி உட்காரும் அறையைப் போய்ப் பார்த்தார். தரையிறங்கிய பிறகு விமானி இறக்கையில் உள்ள ஃப்ளாப் எனும் மடல்களை மடக்க வேண்டும். மடல்களுக்கு ஒரு பிடி, சக்கரங்களுக்கு ஒரு பிடி. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், பார்க்கவும் தொடவும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தன. போரில் களைத்துத் திரும்பிய ஒருவரின் கை ஓரிரு அங்குலம் தள்ளிப் போனால் போதும். சி-47 என்ற போக்குவரத்து விமானத்தில் இந்தப் பிடிகள் வேறு மாதிரி அமைந்திருந்தன. அங்கே இந்த விபத்து நடக்கவில்லை. விமானி அதே மாதிரியான மனிதர்தான், களைப்பும் அதேதான். பிடி மட்டும் வேறு.

சப்பானிஸ் செய்த மாற்றம் ஒரு பொம்மைக் கடையில் செய்வது போன்றது. சக்கரப் பிடியின் முனையில் சிறிய ரப்பர் சக்கரம் ஒன்றை வைத்தார். மடல் பிடியின் முனையில் ஆப்பு வடிவத் துண்டு ஒன்றை வைத்தார். விமானி பார்க்கவே வேண்டாம், தொட்டாலே கைக்குத் தெரியும். மாற்றப்பட்ட விமானங்களில் அந்தத் தவறு நின்றுபோனது. இன்றும் பயணிகள் விமானங்களில் சக்கரப் பிடி சக்கர வடிவிலும் மடல் பிடி இறக்கை வடிவிலும் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து விதி. சுபாங்கிலோ சாங்கியிலோ நீங்கள் ஏறும் விமானத்தில் விமானியின் கைக்கு எட்டும் தூரத்தில் அந்தக் குட்டிச் சக்கரம் இருக்கிறது.

போர் முடிந்தபின், 1947இல், பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 460 தவறுகளைத் திரட்டி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அவற்றில் ஏறக்குறைய பாதி ஒரே வகை: ஒரு பிடியை நினைத்து வேறொரு பிடியை இயக்கியது. அறிக்கையின் தலைப்பில் 'விமானியின் தவறு' என்ற சொற்களை மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்கள். எனக்கு அந்த அறிக்கையில் மிகவும் பிடித்தது அந்த மேற்கோள் குறிதான். அதுவரை கோப்பை மூடிய சொல்லை அவர்கள் சந்தேகத்துக்கு உரியதாக்கிவிட்டார்கள்.

இதே ஃபிட்ஸ் 1954இல் ஒரு எளிய சோதனை செய்தார். இரண்டு உலோகத் தகடுகளை மாறி மாறிக் கோலால் தட்டச் சொன்னார். இலக்கு தூரமாகவும் சிறியதாகவும் இருந்தால் கை போய்ச் சேர நேரம் எடுக்கும், அருகிலும் பெரிதாகவும் இருந்தால் சீக்கிரம் போய்விடும் என்பதை ஒரு சூத்திரமாக எழுதினார். இன்று உங்கள் கைப்பேசியில் 'அனுப்பு' பொத்தான் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் பெரிதாக இருக்கிறதென்றால், அதற்குப் பின்னால் அந்தச் சூத்திரம் இருக்கிறது.

1 எங்கே இருக்க வேண்டும்?

கணக்குப் பொறியை எடுத்துப் பாருங்கள். மேல் வரிசையில் 7, 8, 9. தொலைபேசியைப் பாருங்கள். மேல் வரிசையில் 1, 2, 3. சின்ன வயதில் ஏன் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். "வெள்ளக்காரன் அப்படிச் செஞ்சிருக்கான்" என்றார். ஒருவகையில் அது சரியான பதில்தான்.

1950களில் தொலைபேசிகளில் சுழலும் வட்டு இருந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் அதற்குப் பதிலாகப் பொத்தான்களைக் கொண்டுவர நினைத்தது. பொத்தான்களை எப்படி அடுக்குவது? 1955இல் மேரி லட்ஸ் என்பவரும் நாம் சற்றுமுன் பார்த்த சப்பானிஸும் சேர்ந்து, எழுத்தோ எண்ணோ இல்லாத வெற்றுப் பொத்தான் படங்களை மக்களிடம் கொடுத்தார்கள். எந்த எண் எங்கே இருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அங்கே எழுதுங்கள் என்றார்கள்.

என் பார்வையில் இது பெரிய திருப்பம். விமானப் பிடி விஷயத்தில் விபத்து நடந்த பிறகுதான் காரணத்தைத் தேடினார்கள். இங்கே பொருளைச் செய்வதற்கு முன்பே மக்களிடம் போய்விட்டார்கள். பெரும்பாலோர் இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக எண்களை எழுதினார்கள். புத்தகம் படிக்கும் வரிசை அது.

அடுத்து பெல் ஆய்வுக்கூடத்தின் ரிச்சர்ட் டைனிங்கர் பலவித அடுக்குகளைச் சோதித்தார். வட்டமாக, படிக்கட்டு போல, ஐந்து ஐந்தாக இரண்டு வரிசையில், கணக்குப் பொறி மாதிரி என்று பல. 1960இல் முடிவுகள் வெளியாயின. பல அடுக்குகளுக்கு இடையே வேகத்திலும் பிழையிலும் பெரிய வேறுபாடு இல்லை. மூன்று மூன்றாக அடுக்கி, அடியில் பூஜ்ஜியம் வைத்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1963 நவம்பர் 18இல் பென்சில்வேனியாவின் இரண்டு ஊர்களில் அது பயன்பாட்டுக்கு வந்தது. இன்று அந்த அடுக்கு உலகம் முழுக்கத் திரையிலும் இருக்கிறது. நமக்கு அது இயற்கை போலத் தோன்றுகிறது.

ஆனால் அந்த வெற்றுப் படங்களில் எண்களை எழுதியவர்கள் ஆங்கிலம் படித்து வளர்ந்தவர்கள். ஜாவி எழுத்தை வலமிருந்து இடமாகப் படித்துப் பழகிய ஒரு கிளந்தான் பெரியவரிடம் அதே படத்தைக் கொடுத்திருந்தால் எங்கே 1 எழுதியிருப்பார்? யாரிடம் கேட்கிறோம் என்பதிலேயே பாதிப் பதில் வந்துவிடுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டே மேலே போவோம்.

மேசையும் பிஸ்கட் டின்னும்

1970இல் ஸெராக்ஸ் நிறுவனம் கலிஃபோர்னியாவில் பார்க் என்ற ஆய்வுக்கூடத்தைத் தொடங்கியது. நாம் இன்று கணினி என்று நினைக்கும் பல விஷயங்கள் அங்கே உருவம் பெற்றன. அங்கே பயன்பாட்டில் இருந்த பிராவோ என்ற எழுத்துச் செயலியில் இரண்டு நிலைகள் உண்டு. ஒரு நிலையில் நீங்கள் அடிப்பது எழுத்தாகப் பதியும். மற்றொரு நிலையில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளை. எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை மறந்து 'எடிட்' என்ற ஆங்கிலச் சொல்லை அடித்தால் என்ன ஆகும்? 'ஈ' என்றால் எல்லாவற்றையும் தேர்ந்தெடு. 'டி' என்றால் அழி. 'ஐ' என்றால் புதிதாக நுழை. முழு ஆவணமும் காணாமல் போய், கடைசி 'டி' மட்டும் திரையில் தனியாக நிற்கும். எழுதியதை ஒருமுறையாவது தொலைத்தவர்களுக்கு இந்த வலி தெரியும்.

லாரி டெஸ்லர் என்பவருக்கு இந்த நிலைகளே பிடிக்கவில்லை. தன் கார் எண் பலகையில்கூட நிலைகள் வேண்டாம் என்ற பொருளில் எழுதி வைத்திருந்தவர். புதிதாக வேலைக்குச் சேர்ந்த செயலாளர் ஒருவரை அவர் வெற்றுத் திரை முன் உட்கார வைத்தார். இதில் ஒரு பக்கம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், அதை எப்படித் திருத்துவீர்கள் என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்குக் கணினிப் பழக்கம் இல்லை, காகிதம் பழக்கம். இந்த இடத்தைக் காட்டுவேன், இதை எடுப்பேன், அங்கே வைப்பேன் என்கிற மாதிரி சொல்லிக்கொண்டு போனார். வெட்டு, நகலெடு, ஒட்டு என்று நாம் தினமும் நூறு முறை செய்யும் காரியத்தை டெஸ்லரும் அவருடைய சகா டிம் மாட்டும் 1970களின் நடுவில் ஜிப்ஸி என்ற செயலியில் இப்படித்தான் வடித்தெடுத்தார்கள்.

1981இல் ஸெராக்ஸ் ஸ்டார் என்ற கணினி வந்தது. திரையே ஒரு மேசை. அதன்மேல் காகிதம், கோப்புறை, வரும் கடிதத் தட்டு, போகும் கடிதத் தட்டு என்று சிறு படங்கள். அலுவலக ஊழியருக்குத் தெரிந்த உலகத்தை அப்படியே திரைக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு ஆப்பிளும் மைக்ரோசாஃப்ட்டும் அதே வழியில் போனதை எல்லோரும் அறிவோம்.

இங்கேதான் எனக்கு ஒரு சங்கடம். அந்த மேசை யாருடைய மேசை? மஞ்சள் நிறக் கோப்புறைப் படம் இன்றும் உங்கள் கணினியில் இருக்கிறது, மேலே ஒரு சின்ன நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அமெரிக்க அலுவலகத்து மணிலா கோப்புறை அது. மணிலா நாரில் செய்யப்பட்டதால் வந்த பெயர். எங்கள் வீட்டில் பிறப்புப் பத்திரம், வீட்டுக் கடன் கடிதம், தாத்தாவின் சிவப்பு அடையாள அட்டை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கும். ஸ்டார் கணினியைச் செய்தவர்கள் பெரிய மனதோடுதான் பயனர்களைப் பற்றி யோசித்தார்கள். அவர்கள் யோசித்த பயனருக்கு ஒரு மேசை இருந்தது. அவ்வளவுதான்.

மெக்கின்டாஷ் திட்டத்தைத் தொடங்கியவரான ஜெஃப் ராஸ்கின் 1994இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். ஒரு இடைமுகத்தைப் பார்த்ததுமே புரிகிறது, உள்ளுணர்வுக்கு ஏற்றது என்று நாம் சொல்லும்போது, உண்மையில் அது நமக்கு ஏற்கெனவே பழக்கமானது என்றுதான் சொல்கிறோம் என்பது அவருடைய வாதம். தலைப்பே அதுதான். சுட்டியைப் பிறவியிலேயே பிடிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. முன்பு எங்கேயோ கண்டதைத்தான் இயல்பு என்கிறோம்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இது உடனே புரியும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்99 என்ற விசைப்பலகை தரமாக ஏற்கப்பட்டது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும். 'ங' அடித்து 'க' அடித்தால் 'ங்க' வந்துவிடும். தமிழ் மொழி எப்படி இயங்குகிறதோ அப்படி யோசித்துச் செய்த அழகான வடிவம் அது. ஆனால் நான் இந்தக் கட்டுரையை அடிப்பது, நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலின் ஒலிபெயர்ப்பு முறையில். ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று அடித்தால் தமிழில் அம்மா வரும். என் வயதுக்காரர்கள் பலரும் இப்படித்தான் எழுதுகிறோம். காரணம் எளிது. ஆங்கிலப் பலகை எங்கள் விரலில் முன்பே குடியேறிவிட்டது. மொழியின் தர்க்கத்தைவிடக் கையின் பழக்கம் வலுவானது. இதைக் குறையென்று சொல்ல மாட்டேன். பழக்கம் என்ற சொல்லுக்குள் யார் எதை முதலில் கற்றார்கள் என்ற வரலாறு ஒளிந்திருக்கிறது என்று மட்டும் சொல்வேன்.

ஐந்து பேர்

1989இல் டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் வலை பற்றிய திட்டத்தை எழுதினார். 1991இல் அது வெளியுலகுக்கு வந்தது. 1993இல் வந்த மோசாயிக் உலாவி எழுத்தையும் படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டியது. இணைப்புகளை நீல நிறத்தில் அடிக்கோடிட்டுக் காட்டியதும் அதுதான். அந்த நீலம் இன்றுவரை தொடர்கிறது.

வலை வந்ததும் பழைய கேள்வி புதிதாக எழுந்தது. விமானிக்குப் பல மாதப் பயிற்சி உண்டு. ஸ்டார் கணினிக்கு ஒரு கையேடு உண்டு, பக்கத்து மேசையில் கேட்க ஆள் உண்டு. இணையப் பக்கத்துக்கு வருபவருக்கு இவை எதுவுமே கிடையாது. புரியவில்லை என்றால் மூடிவிட்டுப் போவார், ஏன் போனார் என்பது பக்கத்தைச் செய்தவருக்குத் தெரியாது. அல்லது என் அம்மாவைப் போல மூன்று நாள் போராடிவிட்டுத் தன்னையே குறை சொல்லிக்கொள்வார்.

இந்தக் காலகட்டத்தில் அதிகம் பேசப்பட்டவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஜேக்கப் நீல்சன். பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை, ஐந்து பேரை உட்கார வைத்து உங்கள் பக்கத்தைப் பயன்படுத்தச் சொல்லிப் பேசாமல் கவனித்தாலே பெரும்பாலான சிக்கல்கள் தெரிந்துவிடும் என்றார். 1993இல் தாமஸ் லண்டாவருடன் சேர்ந்து அவர் செய்த கணக்கின்படி, ஐந்து பேரைக் கவனித்தால் ஏறக்குறைய 85 விழுக்காடு சிக்கல்கள் பிடிபடும். 2000இல் ஸ்டீவ் க்ரக் எழுதிய சிறு நூல் பயனரை யோசிக்க வைக்காதே என்பதையே தலைப்பாக வைத்துப் பரவலாக விற்றது. சிறிய நிறுவனங்களுக்கு இது பெரிய விடுதலை. பணம் இல்லாவிட்டாலும் மனிதர்களைக் கவனிக்கலாம்.

என் முதல் நிறுவனத்திலும் ஐந்து பேர் சோதனை நடந்தது. அலுவலகத்திலேயே இருந்த ஐந்து பேர். இரண்டு மலாய்க்காரர்கள், அவர்கள் பெயரில் 'பின்', 'பிந்தி' இருக்கும், சாய்கோடு இருக்காது. ஒரு சீனர். சரவாக்கிலிருந்து வந்த இபான் நண்பர் ஒருவர், அவர் பெயரில் 'அனாக்' என்று முழுச்சொல்லே இருக்கும். ஐந்தாவது ஆள் நான். என் அடையாள அட்டையில் ஏ/எல் இருக்கிறது. அனாக் லெலாக்கி, இன்னாரின் மகன். ஆனால் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்தே இணையப் படிவங்களில் அதை விட்டுவிட்டு எழுதப் பழகியிருந்தேன். எத்தனை படிவம் திட்டிய பிறகு அந்தப் பழக்கம் வந்தது என்று நினைவில்லை. ஐந்து பேரும் பெயரை எழுதினோம். ஐந்தும் ஏற்கப்பட்டன. சோதனை வெற்றி என்று எழுதினேன்.

சப்பானிஸ் சக்கரத்தை ஒட்டியது பிடியில். இங்கே பிடி அப்படியே இருந்தது. ஒட்டுப்போட்டுக்கொண்டவன் நான்தான்.

நல்ல நோக்கமும் கெட்ட நோக்கமும்

யாரும் கெட்ட எண்ணத்தோடு இப்படிச் செய்வதில்லை. அதற்குப் பெரிய உதாரணம் ஒன்று காகிதத்திலேயே இருக்கிறது. 2000 நவம்பர் 7, அமெரிக்க அதிபர் தேர்தல். ஃபுளோரிடாவின் பாம் பீச் வட்டாரத்தில் வயதான வாக்காளர்கள் அதிகம். அவர்கள் வாசிக்க வசதியாக எழுத்தைப் பெரிதாக்க நினைத்தார் தேர்தல் அதிகாரி. பெயர்கள் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. அதனால் இடப்பக்கம் சிலர், வலப்பக்கம் சிலர், நடுவில் துளையிடும் வரிசை என்று வாக்குச்சீட்டு அமைந்தது. இடப்பக்கத்தில் முதலில் புஷ், இரண்டாவதாக அல் கோர். ஆனால் நடுவில் இரண்டாவது துளை, வலப்பக்கத்தில் முதலில் இருந்த பேட் புகானனுக்கு உரியது. கோருக்கு மூன்றாவது துளை.

புகானனுக்கு அந்த வட்டாரத்தில் 3,400க்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. அவற்றில் பல தனக்கானவையாக இருக்காது என்று அவரே தொலைக்காட்சியில் சொன்னார். 19,000க்கும் மேற்பட்ட சீட்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் இருந்ததால் அவை செல்லாமல் போயின. ஃபுளோரிடாவை, அதன்வழி அதிபர் பதவியை, புஷ் வென்றது 537 வாக்குகளில். அப்போதும் சிலர் சொன்னார்கள், வாக்காளர்கள் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று. 'விமானியின் தவறு' மேற்கோள் குறியை உதறிவிட்டுத் திரும்பி வந்திருந்தது.

எழுத்தைப் பெரிதாக்கியது நல்ல காரியம்தான். அந்தப் பெரிய எழுத்துச் சீட்டை நாலு வயதானவர்களிடம் கொடுத்துத் துளையிடச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் போதும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. மனிதன் எப்படி யோசிப்பான், கை எங்கே போகும் என்று தெரிந்துகொண்டால் அவனுக்கு உதவவும் முடியும், அவனைச் சிக்க வைக்கவும் முடியும். சந்தாவில் சேரும் பொத்தான் பெரிதாக, நல்ல நிறத்தில் இருக்கும். விலகும் பொத்தான் நாலு பக்கம் தள்ளிச் சாம்பல் எழுத்தில் இருக்கும். ஃபிட்ஸின் சூத்திரம் இரண்டுக்கும் பொதுதான். ஹாரி பிரிக்னல் என்பவர் 2010இல் இத்தகைய ஏமாற்று வடிவங்களுக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர் வைத்துத் தொகுக்கத் தொடங்கினார். ஜெஃப் ராஸ்கினின் மகன் ஏஸா ராஸ்கின் 2006இல் பக்கம் முடியாமல் கீழே கீழே ஓடிக்கொண்டே இருக்கும் முறையை உருவாக்கினார். அடுத்த பக்கம் என்று தனியாக அழுத்த வேண்டாமே என்ற நல்ல எண்ணம்தான். பின்னாளில் அது மக்களின் நேரத்தை என்ன செய்கிறது என்று பார்த்து வருந்திப் பகிரங்கமாகப் பேசினார். நள்ளிரவு இரண்டு மணிக்கு விரல் தானாகத் திரையைத் தள்ளிக்கொண்டிருக்கும் நம் எல்லோருக்கும் அந்த வருத்தம் புரியும்.

பெயர்

ஜப்பானில் வசித்த பேட்ரிக் மெக்கென்சி என்ற நிரலாளர் 2010இல் ஒரு பட்டியல் எழுதினார். மனிதப் பெயர்களைப் பற்றி நிரலாளர்கள் நம்பும் பொய்கள். எல்லோருக்கும் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு இருக்கும், பெயரில் எழுத்து மட்டுமே இருக்கும் என்பது போன்ற நம்பிக்கைகள். நிரல் எழுதும் தமிழர்கள் அந்தப் பட்டியலைப் படித்தால் சிரிக்கவும் செய்வார்கள், கொஞ்சம் குறுகவும் செய்வார்கள்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மலேசியாவில் ஏ/எல், ஏ/பி. சிங்கப்பூரில் எஸ்/ஓ, டி/ஓ. இடையில் அந்தச் சாய்கோடு. கணினிக்கு அது கோப்புகளின் பாதையைப் பிரிக்கும் குறி, ஆகவே பெயரில் வரக்கூடாத குறி என்று எளிதாகத் தள்ளிவிடுகிறோம். மனிதர்களுக்கு அது 'இன்னாரின் மகள்' என்று சொல்லும் குறி. கடைசிப் பெயர் கட்டாயம் என்று படிவம் கேட்டால் அப்பா பெயரைப் போடுகிறோம். பிறகு எல்லாக் கடிதமும் அப்பாவுக்கு வருகிறது. எங்கள் வீட்டில் தாத்தா காலமாகி இருபது வருடம் ஆகிறது. அம்மாவின் மின்னஞ்சலுக்கு இன்னமும் தாத்தா பெயரைச் சொல்லி, உங்களுக்குக் கடன் தயாராக இருக்கிறது என்று மடல் வருகிறது. "எங்கப்பா உயிரோட பால்மரம் வெட்டுனப்ப ஒரு பேங்கும் கடன் குடுக்கல. இப்பக் கூப்பிட்டுக் குடுக்கறாங்க" என்பார் அம்மா.

இது சின்ன விஷயம் என்று யாராவது சொல்லலாம். சாய்கோட்டை எடுத்துவிட்டால் முடிந்தது, யாரும் சாகவில்லை. உண்மைதான். ஆனால் ஒரு படிவம் உங்கள் பெயரைப் பார்த்துச் செல்லாது என்று சொல்வதும், அதைக் கேட்டு நீங்கள் உங்கள் அறிவைச் சந்தேகிப்பதும் எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. அடையாள அட்டையில் உள்ளபடி எழுது என்று கேட்டதும் அதே படிவம்தான்.

நான் முதல் நிறுவனத்தை விட்டு வந்து மூன்று வருடம் ஆகிறது. அங்கே இன்னும் இருக்கும் நண்பரிடம் அந்த வரியைப் பற்றிச் சொன்னேன். திருத்த வேண்டிய பட்டியலில் சேர்த்திருப்பதாகச் சொன்னார். பட்டியல் நீளமாம். இப்போது இருக்கும் வேலையில் நான் செய்யும் பெயர்க் கட்டம் எதையும் மறுப்பதில்லை. ஒரே ஒரு நிபந்தனை, காலியாக இருக்கக்கூடாது. சோதனைக்கு உட்காரும் ஐந்து பேரில் ஒருவராவது அலுவலகத்துக்கு வெளியே உள்ளவராக இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன்.

போன மாதம் அந்த வெளியாள் அம்மா. காணொளி அழைப்பில் இருந்தார், கைப்பேசித் திரையை எனக்குக் காட்டிக்கொண்டே படிவத்தை நிரப்பினார். சோதனையின்போது நாம் பேசக்கூடாது, கவனிக்க மட்டும் வேண்டும். பெயர்க் கட்டம் வந்தது. தன் பெயரை அடித்தார். ஓர் இடைவெளி விட்டார். தாத்தா பெயரை அடித்தார். ஏ/பி இல்லை.

பொறுக்க முடியாமல் விதியை மீறிக் கேட்டுவிட்டேன். "ஏம்மா ஏ/பி போடல? இதுல போடலாமே."

"வேணாம்பா" என்றார். "அது போட்டா திட்டும்."